வயலின் பிராக்டிஸ் மியூட்: தூளி ஆடும் வீட்டுக்கு ஏற்றது

பாப்பா தூளியில் தூங்கும்போதுதான் எனக்கு வயலினைத் தொட நேரம். அதற்காகவே 300 ரூபாய்க்குள், வயலின் சத்தத்தைக் குறைக்கும் இந்த ரப்பர் மியூட்டை வாங்கினேன். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் அழுத்திச் செருகினால் போதும். அதன் கனம் அதிர்வை அடக்கிவிடும். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால் அவள் அசைவதே இல்லை. மெட்டலிலும் கிடைக்கிறது, சத்தத்தை இன்னும் குறைக்கும். ஆனால் நழுவி விழுந்தால் வார்னிஷில் வடு விழும். தரையில் உட்கார்ந்து, சுருள் முனையைக் கணுக்காலில் சாய்த்து வாசிக்கிற நமக்கு ரப்பர்தான் சரி.

விரல்களுக்கு இது தாராளமாகப் போதும். இரட்டை ஸ்வரப் பயிற்சியான ஜண்டை வரிசை, ஒரு வர்ணம் இரண்டு காலத்தில் (வேகத்தில்), அப்புறம் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நிதானமாக அசைத்துப் பார்க்கலாம். நாதம் மங்கலாக இருந்தாலும் சுருதி விலகினால் உடனே தெரிகிறது. அந்த அசைவு மறுபடி விரலுக்குள் வந்தபோது அவ்வளவு சந்தோஷம்!

வில்லுக்குத்தான் கவனம் வேண்டும். சத்தம் வரவில்லையே என்று கை தானாக அழுத்தத் தொடங்கும்; அதுவே பழகிவிட்டால் மியூட்டை எடுத்ததும் நாதம் கரகரக்கும். பாட்டி குழந்தையை வெளியே தூக்கிப்போகும் நேரத்தில் கட்டாயம் மியூட் இல்லாமல் வாசியுங்கள்.

புதிதில் ரப்பர் நெடி அடிக்கும், கொஞ்சம் காற்றாட வையுங்கள். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது முக்கியம், கிடைத்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.