பெரியம்மா உயில்ல ஆஸ்பத்திரிக்கு எழுதி வச்ச அனுபவம்: ஆன்லைன் சைட்டும் மதுரை வக்கீல் ஆபீசும்

என் பெரியம்மா ரிட்டயர்டு டீச்சர், வயசு 71, பிள்ளைங்க இல்ல. பெரியப்பா தவறி 9 வருஷம் ஆச்சு. அவர அடையார் கேன்சர் ஆஸ்பத்திரிலதான் வச்சுப் பாத்தோம், அந்த எட்டு மாசத்த பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் மறக்கல, "எனக்கப்புறம் கொஞ்சம் பணம் அங்க போகணும்டா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. இந்த வருஷம்தான் உயில் எழுதி முடிச்சோம். ரெண்டு இடத்துல எழுதுனோம், ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல்ல ஒரு ஆன்லைன் சைட், பேரு வேணாம். 4,000 ரூபா கட்டுனோம். வீடு யாருக்கு, நகை யாருக்கு, பேங்க் பணம் யாருக்குன்னு வரிசையா கேட்டுட்டு கடைசில தர்மத்துக்குன்னு ஒரே ஒரு கட்டம், அதுல பேரும் தொகையும் போட்டா முடிஞ்சுது. நாங்களும் "அடையார் கேன்சர் ஆஸ்பத்திரி, 5 லட்சம்"னு அடிச்சோம், மறு கேள்வி இல்லாம பிடிஎஃப் வந்துருச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல, கோர்ட் பக்கத்துல ஒரு வக்கீல்கிட்ட ஒரு தடவ காமிச்சிருவோம்னு கூட்டிட்டுப் போனேன்.

அவரு படிச்சிட்டு முதல்ல கேட்டதே "டீச்சர், இந்தப் பேருல ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்கா?"ன்னுதான். நாமெல்லாம் வாய்ல சொல்றது அடையார் கேன்சர் ஆஸ்பத்திரி, ஆனா அதோட முறையான பேரு கேன்சர் இன்ஸ்டிட்யூட் டபிள்யூ.ஐ.ஏ., அந்த மூணு எழுத்து இந்திய மாதர் சங்கத்தக் குறிக்குது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சிய கேன்சருக்குப் பறிகொடுத்துட்டு, அந்தச் சங்கம் மூலமா 1954ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. உயில்ல பேரு தெளிவா இல்லன்னா நாளைக்கு யாராச்சும் "இது எந்த ஆஸ்பத்திரி, எங்களுக்குத் தெரியாது"ன்னு இழுத்தடிக்கலாம்னாரு. பெரியம்மா பழைய ட்ரீட்மென்ட் பேப்பரெல்லாம் ஒரு நீல ஃபைல்ல வச்சிருந்தாங்க, அதுல எப்பவோ டொனேஷன் குடுத்த ரசீது இருந்துச்சு, அதப் பாத்து பேரு, விலாசம், பான் நம்பர் எல்லாத்தையும் அப்படியே இறக்கிக்கிட்டாரு. பின்னால பேரு மாறுனாலோ வேற அமைப்போட சேந்துட்டாலோ யாருக்குப் போகணும்னு அதுக்கும் ஒரு வரி போட்டாரு.

அடுத்தது அந்த 5 லட்சம். இதுதான் எனக்குப் பெரிய பாடம். "நீங்க இன்னும் இருவது வருஷம் நல்லா இருப்பீங்க, வைத்தியச் செலவு வந்து கடைசில கையில 6 லட்சம்தான் மிஞ்சுதுன்னு வைங்க, அதுல 5 லட்சம் முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிரும், மீதி 1 லட்சம்தான் தம்பி பிள்ளைங்களுக்கு, அது உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டாரு. பெரியம்மா ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, வேணாம்னாங்க. அதனால தொகையா போடாம, கடன், வைத்தியச் செலவு, காரியச் செலவு எல்லாம் போக மிஞ்சுற பணத்துல 30 சதவீதம்னு மாத்துனோம். எவ்வளவு மிஞ்சுனாலும் ரெண்டு பக்கமும் சமாதானமா இருக்கும். எஃப்டில நாமினியா மாமா பையன் பேரு இருந்துச்சு, நாமினின்னா பணத்த வாங்கி வைக்கிற ஆளுதான், சொந்தக்காரர் ஆயிட மாட்டாரு, அந்தப் பணமும் உயில்படிதான் பிரியணும்னு மாமா பையனையே கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாரு. வீடு பெரியம்மா சொந்தச் சம்பாத்தியம், பிரச்சன இல்ல. ஊர்ல இருக்குற பூர்வீக நிலத்துல அவங்க பங்கு மட்டும்தான் எழுத முடியும்.

எக்ஸிக்யூட்டர், அதாவது உயில்ல இருக்குறபடி எல்லாத்தையும் நடத்திக் குடுக்குற ஆளு, அந்த விஷயத்துல வக்கீல் ரொம்ப அழுத்தமா பேசுனாரு. பிள்ளைங்களுக்கு எழுதுனா பிள்ளைங்க வந்து கேப்பாங்க, தர்மத்துக்கு எழுதுனா யாரு வந்து கேப்பா? பச்சையப்ப முதலியார் 1794ல கோயிலுக்கும் தர்மத்துக்கும் உயில் எழுதிட்டுப் போனாரு, சொத்து வழக்குல மாட்டி, பள்ளிக்கூடம்னு ஒண்ணு அதுலருந்து வந்தப்ப 1842 ஆயிருச்சு. வக்கீல் இத சொன்னதும் பெரியம்மா என்னத் திரும்பிப் பாத்தாங்க. நான்தான் எக்ஸிக்யூட்டர், எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா மாமா பையன்.

சாட்சி ரெண்டு பேரு வேணும், ரெண்டு பேரும் பெரியம்மா கையெழுத்துப் போடுறத நேர்ல பாத்திருக்கணும். நாளைக்கு கோர்ட்ல வந்து சொல்ல வேண்டி வரலாம்ங்கறதால வயசுல சின்னவங்களா, உயில்ல பங்கு இல்லாதவங்களா பாத்துக்கச் சொன்னாரு. தெரு டாக்டரும் கூட வேல பாத்த டீச்சரும் வந்தாங்க. பெரியம்மாவோட ஃப்ரெண்டு கிறிஸ்டியன், தர்மத்துக்கு எழுதுனா சாகறதுக்கு 12 மாசம் முன்னாடியே எழுதியிருக்கணுமாமேன்னு பயந்துட்டு இருந்தாங்க, அந்தச் சட்டப் பிரிவ 2003லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சாம். முஸ்லிம்கள் மட்டும் வாரிசுங்க சம்மதம் இல்லாம மூணுல ஒரு பங்குக்கு மேல எழுத முடியாது.

உயிலுக்கு ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது, பதியணும்னு கட்டாயமும் இல்ல, இருந்தாலும் பதிஞ்சோம். பத்திர ஆபீஸ்ல ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம், சார்பதிவாளர் "உங்க இஷ்டப்படிதான் எழுதுறீங்களாம்மா?"ன்னு கேட்டதுக்கு பெரியம்மா கிளாஸ் எடுக்குற குரல்ல "ஆமா சார், முழுக்க என் இஷ்டம்"னாங்க. அவங்க இருக்குற வரைக்கும் அவங்களத் தவிர வேற யாருக்கும் நகல் குடுக்க மாட்டாங்களாம், எப்ப வேணா மாத்தியும் எழுதிக்கலாம். ஒண்ணு சொல்லிடறேன், கண் தானத்த உயில்ல மட்டும் எழுதி வச்சுட்டு இருந்துடாதீங்க, 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், உயிலப் பிரிக்கறதுக்குள்ள நேரம் போயிரும், வீட்ல வாய்விட்டு சொல்லி வைங்க.

வக்கீல் ஆபீஸ்ல குறையும் உண்டு. மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல, முட்டி வலியோட பெரியம்மா நாலு தடவ ஏறுனாங்க. டைப் பண்ணதுல தாத்தா இனிஷியல் தப்பு, ஒரு வாரம் தள்ளிப் போச்சு. ஃபீஸ் 8,000, சைட்டுக்குக் கட்டுனத விட டபுள், ஆனா கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் காசு தகும். அஞ்சுக்கு நாலர ஸ்டார். சைட்டுக்கு ஒண்ணு.

உயில் கைக்கு வந்த அன்னிக்கு சாயங்காலம் பெரியம்மா அத பெரியப்பாவோட அந்த நீல ஃபைலுக்குள்ளயே சொருகி பீரோல வச்சுட்டு, சாவி எங்க இருக்கும்னு எனக்கும் மாமா பையனுக்கும் காமிச்சாங்க.