பிரஷோவ் நடைச்சுற்றுலா: டிராகுலாவைக் குறைத்து, பெயர்க்கதையைக் கூட்டலாம்

ருமேனியாவின் பிரஷோவ் நகரில் 2 மணி நேர நடைச்சுற்றுலா ஒன்றில் சேர்ந்தேன். கட்டணம் கிடையாது, முடிவில் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம். நான் 50 லெய் (ருமேனிய நாணயம்) கொடுத்தேன். அதில் 40 லெய், வழிகாட்டிப் பெண் ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேசிய கால் மணி நேரத்துக்கு.

கவுன்சில் சதுக்கத்து நீரூற்றுப் பக்கம் எங்களை நிறுத்தி, பிரஷோவ் இருக்கிற வட்டாரத்தின் பெயரைச் சொல்லி, "டிரான்சில்வேனியா என்றால் என்ன?" என்று கேட்டார். "ரத்தக்காட்டேரி!" என்றார் ஒருவர். 'காட்டுக்கு அப்பால்' என்பதுதான் லத்தீன் பொருள். ஹங்கேரியர்கள் சொல்லும் 'எர்தேய்' என்பதும் அதே சங்கதிதான். அவர்கள் மொழியில் எர்தோ என்றால் காடு. 'எர்தேய்' என்பதன் கடைசியில், எழுத்தில் எல்லும் ஒய்யும் சேர்ந்து நிற்கும், வாயில் 'ய்' மட்டும் வரும். அதுவரை 'எர்தேலி' என்று படித்துக்கொண்டிருந்த நான் கமுக்கமாக இருந்துவிட்டேன். ருமேனியர்களின் 'ஆர்தியால்' இந்த ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் மட்டும் காட்டைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்கு இது 'ஸீபன்பூர்கன்', ஏழு கோட்டைகள். 12ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறத் தொடங்கிய சாக்சன்கள் என்ற ஜெர்மன் மொழிக்காரர்களின் ஏழு நகரங்களைக் குறிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். போலிஷ் மொழியிலும் ஏழு கணக்குதான்: 'ஷெத்மியோகுரூத்'.

பிரஷோவுக்கும் பெயர்ப் பஞ்சமில்லை. ஜெர்மனில் குரோன்ஷ்டாட், ஹங்கேரியனில் பிராஷ்ஷோ. 1950 முதல் 1960 வரை ஸ்டாலின் நகரம்! பக்கத்து மலைச்சரிவில் மரங்களை வைத்தே அவர் பெயரை எழுதியிருந்தார்களாம். இப்போது அங்கே வெள்ளை எழுத்தில் ஊர்ப்பெயர் நிற்கிறது.

அந்த மலையின் பெயரை (எழுத்தில் Tâmpa) எங்களைச் சொல்லச் சொன்னார். எல்லாரும் 'டாம்பா' என்றார்கள். அதன் முதல் உயிரெழுத்து ஆகாரமே இல்லை. 'பாட்டு' என்று முடிக்கும்போது நம் வாயில் வருகிற குற்றியலுகரம் மாதிரி ஒரு ஒலி. எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது, அவர் கைதட்டினார். (அன்று முழுக்க அந்தப் பெருமையிலேயே திரிந்தேன்.)

அப்புறம் அரை மணி நேரம் டிராகுலா. தெரிந்த கதைதான், கொட்டாவி வந்தது. 30 பேருக்கு மேல் சேர்த்துக்கொண்டு மைக்கும் இல்லாமல் பேசுவது பெரிய குறை. சேர்கிறவர்கள் அவரை ஒட்டியே நடங்கள். கயிற்றுத் தெரு ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம்தான். அங்கே பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னால் போகிறவர் முதுகுப்பை மட்டும்தான் தெரியும்.