அசோக் நகரில் ஒரு கலைச் சிகிச்சை அறை: ஒரு தையற்காரியின் மதிப்பீடு

ஓவியம், எழுத்து, கை அசைவு வழியாக மனத்துயரைக் கவனிக்கிற இந்த இடத்தின் கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 1,800 ரூபாய். ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்காரும் குழு அமர்வு இரண்டு மணி நேரம், தலைக்கு 900. முகப்பேரில் என் கடையில் லைனிங் வைத்து மூன்று பிளவுஸ் தைத்தால் வருகிற கூலி அந்த 1,800. அந்தக் கணக்கோடுதான் இதை எழுதுகிறேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு பெண் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். குழுவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்தவர்கள். நான் பெயரை எழுதினால் அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. அசோக் நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். திருமங்கலத்தில் ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம்.

நான் போனதற்குக் காரணம் என் அக்கா. கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினோம். துணி வாங்குவது, வெட்டுவது அவள் வேலை. தைப்பது, கணக்குப் பார்ப்பது என் வேலை. போன பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு கத்தரியைக் கையில் எடுத்தாலே எனக்கு நெஞ்சு அடைத்தது. இதய மருத்துவர் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். மனநல மருத்துவர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். அது நன்றாகவே வேலை செய்கிறது, இன்னும் சாப்பிடுகிறேன். பேச்சு ஆலோசனைக்கும் அனுப்பினார். நடந்ததைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நேரம் ஆலோசகரும் நானும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச வராதவர்களுக்கு எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி என்று, பல கலைகள் வழியாகச் செய்கிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, முயன்று பாருங்கள் என்று அந்த மருத்துவர்தான் சொன்னார்.

இந்த ஊரில் அதைத் தேடினால் வந்து விழுவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்குகள். நானும் ஒன்றுக்குப் போனேன். ஏசி அறை, அச்சடித்த மண்டலா என்கிற வட்டக் கோலப் படம், ஸ்கெட்ச் பேனா, இஞ்சித் தேநீர், கடைசியில் எல்லோரும் படத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு புகைப்படம். பொழுது நன்றாகவே போனது, குறை சொல்லவில்லை. ஆனால் நடத்தியவர் என் தாளைப் பார்த்து, "கறுப்பு நிறைய போட்டிருக்கிறீர்கள், உள்ளே கோபம் இருக்கிறது" என்றார். கறுப்பு போட்டதற்குக் காரணம், பெட்டியில் மற்ற பேனாக்கள் காய்ந்துபோயிருந்ததுதான்.

இரண்டாவது இடமான இந்த அசோக் நகர் அறையை அண்ணன் மகள் கண்டுபிடித்தாள். உளவியல் படிக்கிற பெண், ஆளை விசாரிக்கத் தெரிந்தவள். "அத்தை, போனில் கட்டணம் கேட்பதற்கு முன்னால் எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்தீர்கள், இப்போது உங்களை யார் மேற்பார்வை செய்கிறார் என்று கேளுங்கள்" என்றாள். காரணமும் சொன்னாள். மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். கலைச் சிகிச்சைக்கு அப்படிப் பதிவு பார்க்கிற வழக்கம் இங்கே நடைமுறையில் இல்லை. யார் யாரோ பலகை மாட்டிக்கொள்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச எக்ஸ்பிரசிவ் ஆர்ட்ஸ் தெரபி சங்கம் ஒரு பதிவு கொடுக்கிறது. அது சங்கத்தின் பதிவு, அரசு உரிமம் அல்ல. நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அசோக் நகர்ப் பெண் தயங்காமல் பதில் சொன்னார். தற்கொலை எண்ணம் வந்தால் தன்னிடம் மட்டும் வரக் கூடாது, மனநல மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்காரரிடம் இதையெல்லாம் கேட்டிருந்தால் தேநீரோடு எழுந்து போயிருப்பார்.

அசோக் நகர் அறைக்குள் போனதும் அந்தப் பெண் என்னை எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டார். கடையில் அக்காவைப் பெரியக்கா என்றும் என்னைச் சின்னக்கா என்றும்தான் கூப்பிடுவார்கள். அதையே சொன்னேன்.

ஓவிய வகுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிட்டது. இங்கே ஒரே கலையில் உட்கார விடுவதில்லை. கை அசைவு, அதிலிருந்து கோடு, கோட்டிலிருந்து எழுத்து என்று நகர்த்திக்கொண்டே போகிறார். அவர் படித்த பாடமும் அதுதானாம். 1970களில் அமெரிக்காவில் லெஸ்லி கல்லூரியில் ஷான் மெக்நிஃப், பாவ்லோ க்னில் முதலியவர்கள் பல கலைகளையும் சேர்த்து ஒரு பயிற்சியாக்கினார்கள். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மகள் நடாலி ரோஜர்ஸ், அசைவு ஓவியத்தைத் திறந்துவிடும், ஓவியம் எழுத்தைத் திறந்துவிடும் என்ற வழியில் 1984இல் தனிப் பயிற்சி நிலையம் தொடங்கினார். க்னில் வழியில் இன்னொன்றும் உண்டு: துன்பத்தையே கிளறிக்கொண்டிராமல் கொஞ்ச நேரம் அதிலிருந்து விலகிக் கலைக்குள் போய், பிறகு திரும்பி வருவது. கலை முடிந்ததும் பொருள் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்பார்கள். எங்கே தொடங்கினீர்கள், கை எங்கே மெதுவானது, எங்கே அழுத்தினீர்கள். கறுப்பு என்றால் கோபம் என்கிற வேலை இங்கே கிடையாது.

ஒரு நாள் கத்தரி இல்லாமலே வெட்டச் சொன்னார். எழுந்து நின்று காற்றில் வெட்டினேன். முன் கழுத்து வளைவு வரைக்கும் கை ஒழுங்காகப் போனது, தோளில் நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன், அதே இடம். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி, கரிக்கோலைக் கையில் கொடுத்தார். சாக்குக்கட்டி பிடித்த கை என்பதால் கோடு சுத்தமாக வந்தது, நின்ற இடத்தில் மட்டும் நடுங்கியது. பிறகு உட்கார்ந்து தோன்றுவதை எழுதச் சொன்னார். எனக்குக் கவிதையெல்லாம் வராது. ஆர்டர் நோட்டில் எழுதுவதைப் போலவே எழுதினேன்: உயரம் 14, தோள் 14, மார்பு 38, இடுப்பு 33, கை நீளம் 9, முன் கழுத்து 7. எழுதி முடித்த பிறகுதான் அது அக்காவின் அளவு என்று தெரிந்தது.

"இதில் எந்த எண்ணை முதலில் வாய்விட்டுப் படிக்க விரும்புகிறீர்கள்?" என்றார். தோள் 14 என்று படித்தேன். அதற்குமேல் அந்த மணி நேரத்தில் நான் வேலை ஒன்றும் செய்யவில்லை, அழுதேன். அவர் தண்ணீர் வைத்தார், ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்ன ஆறுதலே இன்னும் வீட்டில் மிச்சம் கிடக்கிறது.

பலன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, முழுவதும் இல்லை. லைனிங் துணியும் பருத்தியும் இப்போது நானே வெட்டுகிறேன். பட்டு வெட்ட இன்னும் வெளியில்தான் போகிறது. இந்த மாதிரி வேலைக்கு ஆய்வு ஏதும் உண்டா என்று அண்ணன் மகளைக் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தது என்றாள். ஆனால் அதில் சேர்ந்திசையும் நடனமும் எல்லாம் அடக்கம், சிகிச்சை மட்டும் அல்ல. 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் கலை வேலை செய்ய வைத்துப் பார்த்தபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் என்கிற மன அழுத்தச் சுரப்பு குறைந்ததாம். முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு தெரியவில்லையாம். சின்ன ஆய்வுதான். வரையத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு அதைச் சொல்லலாம்.

இனிக் குறைகள். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். என் படங்கள் யாரிடம் இருக்கும், புகைப்படம் எடுக்கலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாய்மொழியாகத் தமிழில் விளக்கினார் என்றாலும், கையெழுத்துப் போடுகிற தாள் எனக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். இரண்டு மாடி, லிப்ட் கிடையாது. முந்தின நாளே சொல்லாமல் வராமல் இருந்தால் முழுக் கட்டணமும் போய்விடும். கத்தரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: துணிக்கும் காகிதத்துக்கும் ஒரே கத்தரி! காகிதம் வெட்டிய கத்தரி துணியை மெல்லும், வெட்டாது. இரண்டையும் தனித்தனியாக வைக்கச் சொன்னேன். சிரித்தார், வாங்கவில்லை.

குழு அமர்வை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். தாமதமாக வருகிறவர்கள் உண்டு. ஒருவர் அழத் தொடங்கினால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். புதிதாக இழப்பைச் சந்தித்தவர்கள் தனி அமர்விலேயே தொடங்குவது நல்லது.

இந்தப் பணம் கட்டுப்படியாகாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ஊரில் அந்தப் பெயரைக் கேலிக்குப் பயன்படுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். 1794இல் தொடங்கிய பழைய மருத்துவமனை, புறநோயாளிகளுக்கு வைத்தியம் இலவசம். போனில் பேச வேண்டுமானால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலும் பேசலாம்.

அசோக் நகருக்குப் போவதென்று முடிவு செய்தால் வார நாளாகக் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை மாலையில் எதிர்வீட்டில் டிரம்ஸ் வகுப்பு நடக்கிறது.