முங்யோங் தேநீர்க் கிண்ண விழா: ‘விறகுச்சூளை’ என்று சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள்

தென்கொரியாவின் முங்யோங் சேஜே கணவாயில் 1999 முதல் நடந்துவரும் விழா இது. வழக்கமாக ஏப்ரல் கடைசியில் தொடங்கும். அங்கே போகும் வழியிலிருந்த ஒரு கடையில், ‘இடோ’ என்ற கொரியத் தேநீர்க் கிண்ண வகையில் ஒன்று ஏமாற்றி விற்கப்பட்டிருக்கிறது. மங்தெங்கி என்ற, சரிவில் ஏறிப்போகும் மரபுச் சூளையில் பைன் விறகால் சுட்டது என்று சொல்லி, பவுலோனியா மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அது அச்சில் வார்த்து, கேஸ் சூளையில் சுட்ட பண்டம்.

கவிழ்த்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். சக்கரத்தில் வனைந்த இடோ கிண்ணத்தின் அடிவளையத்தில், அதாவது அது நிற்கும் வளையத்தில், செதுக்கிய தடம் இருக்கும். மண் கரடாகப் பிய்ந்திருக்கும். அந்தக் கரட்டில் தடிப்பாகப் பூசிய மெருகு, உருகும்போது சுருங்கித் திரளும். மீன்முட்டை அடுக்கியதுபோல் தெரியும் அந்தத் திரளைத்தான் மேஹ்வாபி என்கிறார்கள். ஒரு பக்கம் அடர்ந்தும் ஒரு பக்கம் இல்லாமலும் இருப்பதே அதன் இயல்பு. இந்தக் கிண்ணத்தில் சுற்றிலும் ஒரே அளவு மணிகள், அடியில் வழவழப்பு. உள்ளே விரலை வைத்தால், அடிவளையத்துக்கு நேர் மேலே ஒரு பள்ளம். களிமண் கூழை அச்சில் ஊற்றி மிச்சத்தை வடித்தால் இப்படித்தான் வரும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். விறகுத் தீ ஒரு பக்கம் கூடுதலாகப் பட்டு நிறம் மாறுவது உண்மைதான். ஆனால் கேஸ் சூளையிலும் காற்றைக் குறைத்து அதே சாயலை வரவழைக்கலாம். வனைந்ததா, வார்த்ததா என்பதைக் கண்டுபிடிக்கலாம். எந்தச் சூளையில் சுட்டது என்பதைக் கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ரசீதில் ‘ஜாங்ஜாக் காமா’, அதாவது விறகுச்சூளை என்று ஹங்குல் என்ற கொரிய எழுத்தில் எழுதி வாங்குங்கள். பெட்டி மூடியிலுள்ள முத்திரையும் கிண்ணத்தின் அடியிலுள்ள முத்திரையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெட்டி தனியாகவும் கிடைக்கும்!

தேநீர்க் குடுவை வாங்கினால் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூடித் துளையை விரலால் அடைத்தால் நல்ல குடுவையில் ஊற்று நின்றுவிடும். நிற்காவிட்டால் மூடி சரியாகப் பொருந்தவில்லை. நிமிர்த்தியதும் மூக்கிலிருந்து சொட்டினால் வேண்டாம்.

“பழைய ஜோசோன் அரசர் காலத்துக் கிண்ணம், கைப்பையிலேயே கொண்டுபோகலாம்” என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். மெய்யான பழம்பொருளை அனுமதியில்லாமல் கொரியாவிலிருந்து எடுத்துப்போக முடியாது. இன்சியோன் விமான நிலையத்திலேயே அதைச் சோதிக்க அலுவலர்கள் இருக்கிறார்கள்.