டால்பின் ஆய்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

"டால்பின் ஆய்வு இன்டர்ன்ஷிப், நான்கு வாரம், முன் அனுபவம் தேவையில்லை." இந்த விளம்பரத்தை நம்பி, அண்டை நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போய்வந்த சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவிக்கு நடந்ததை எழுதுகிறோம். அவர் பெயரும் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். எந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் அடுத்தவர் தப்பிக்கலாம்.

கட்டணம் 3,200 சிங்கப்பூர் வெள்ளி. விமானச் சீட்டு தனி. அதில் 800 வெள்ளி முன்பணம், எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காது. சொன்னது: வாரத்தில் ஐந்து நாள் படகில் ஆய்வு, முதுகுத் துடுப்பைப் படமெடுத்து ஒவ்வொரு டால்பினையும் அடையாளம் காணும் பயிற்சி, கடலுக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு. கிடைத்தது: நான்கு வாரத்தில் ஏழே நாள் படகு. ஏழும் சுற்றுப்பயணிகள் டிக்கெட் வாங்கி ஏறும் டால்பின் பார்க்கும் படகு. உயிர்காப்பு அங்கி மாட்டிவிடுவதும் வாந்தி வந்தவர்களுக்குப் பை எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. ஒலிவாங்கி, கம்பி அறுந்து பெட்டிக்குள் கிடந்தது. மீதி நாள்கள் தங்குவிடுதியின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் படம் போடுவதில் கழிந்தன.

படகு ஓடாத நாள் எந்தத் திட்டத்திலும் இருக்கும். காற்றும் மழையும் யார் சொல்லும் கேட்காது. உண்மையான குட்டு வெளிப்பட்டது அவர் நிரப்பிய தரவுத்தாளில். அதில் நான்கே கட்டங்கள்: தேதி, இனம், எண்ணிக்கை, குறிப்பு. குறிப்புக் கட்டத்தில் "குட்டி துள்ளியது, ரொம்ப அழகு" என்று எழுதியிருக்கிறார். எழுதச் சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான். தேடத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், ஜிபிஎஸ் தடம், கடல் நிலை, எந்தப் பக்கத்தை யார் பார்த்தார் என்ற எதுவும் இல்லை.

இவை இல்லாத தாளால் ஆய்வுக்குக் காலணா பயனில்லை. ஆறு மணி நேரம் தேடி ஒன்றுமே தென்படாமல் கரை திரும்பினாலும் அது தரவுதான். அந்தப் பூஜ்யத்தை எழுதாவிட்டால் மற்ற எண்களுக்கும் பொருள் போய்விடும். போன பருவத்தில் 10 கூட்டம், இந்தப் பருவத்தில் 20 கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டால்பின் பெருகியதா, படகு இரண்டு மடங்கு நேரம் ஓடியதா? தேடிய நேரமும் தூரமும் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. சுற்றுலாப் படகுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. நேற்று எங்கே தெரிந்ததோ அங்கேதான் இன்றும் போகும். அதனால் சுற்றுலாப் படகே கூடாது என்று சொல்லவில்லை. தடமும் நேரமும் ஒழுங்காகப் பதிந்தால் அந்தப் பயணங்களிலிருந்தும் நல்ல தகவல் எடுக்கலாம். இங்கே அதைச் செய்யும் எண்ணமே இருக்கவில்லை.

முறையான கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். வரைபடத்தில் முன்கூட்டியே போட்ட கோட்டில், மாறாத வேகத்தில் படகு போகும். இரு பக்கமும் பார்வையாளர்கள். கண் சோர்ந்துவிடும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை போல இடம் மாறுவார்கள். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 3 அல்லது 4-ஐத் தாண்டினால், திட்டத்தின் விதிப்படி, தேடல் நிற்கும், ஏனென்றால் வெள்ளை நுரைக்கு நடுவே துடுப்பு கண்ணில் படாது. முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி இனத்தைத் தேடுவோருக்கு அதைவிட அமைதியான கடல் வேண்டும். கூட்டம் தென்பட்டால் தூரம், கோணம், குட்டிகள், நடத்தை எல்லாம் எழுத வேண்டும். எண்ணிக்கைக்கு மட்டும் மூன்று எண்: குறைந்தது, அதிகம், மிகச் சரியாகத் தோன்றுவது. படம் எடுப்பவர் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, துடுப்பு பக்கவாட்டில் தெரியும்போது, ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்து எடுப்பார். அடையாளமே துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகள்தான். வடு உள்ளதை மட்டும் தேடித்தேடி எடுத்தாலும் கணக்கு கோணலாகிவிடும். கூட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பிறகு கரையில், கணினி முன்னால் பல மணி நேரம் படம் பிரிக்கும் வேலை. அலுப்பான வேலைதான். "தினமும் கடல், தினமும் டால்பின்" என்று யாராவது சொன்னால் அவர் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை.

கட்டணம் கேட்பதாலேயே ஒரு திட்டம் மோசடி ஆகிவிடாது. சாப்பாடு, தங்குமிடம், படகு எண்ணெய் என்று நேர்மையான திட்டங்களும் வாங்குகின்றன. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். ஆகவே பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேளுங்கள்: வெற்றுத் தரவுத்தாள் ஒன்று, போன பருவத்தில் ஓடிய ஆய்வு மணிநேரம், அந்தத் தரவு எந்த அறிக்கையில் போய்ச் சேர்ந்தது, ஆய்வு அனுமதி எண், அது யார் பெயரில் இருக்கிறது. ஆய்வு செய்கிறவருக்கு இதற்குப் பதில் எழுதப் பத்து நிமிடம் போதும். இந்த மாணவி கேட்டபோது வந்த பதில், "இடங்கள் வேகமாக நிரம்புகின்றன."

அனுமதியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தோனீசியாவில் வெளிநாட்டவர் ஆய்வு செய்ய பிரின் என்ற தேசிய ஆய்வு அமைப்பின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, விலங்கைத் தொந்தரவு செய்யக்கூடிய ஆய்வுக்கு உரிமம் வேண்டும். ஆஸ்திரேலிய வழிகாட்டுதலின்படி படகு திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள்ளும் டால்பினை 50 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது. "டால்பினோடு நீந்தலாம், தொடலாம்" என்று ஆசை காட்டும் இடத்தில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு வேலையில்லை. மாணவிக்கு வந்த இன்னொரு மின்னஞ்சலில், "சுற்றுலா விசாவில் வாருங்கள், குடிநுழைவில் கேட்டால் விடுமுறை என்று சொல்லுங்கள்" என்று இருந்தது. பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது பிள்ளைதான். இந்த வரியைக் கண்டதுமே ஒதுங்கிவிடுங்கள்.

கட்டணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டச் சொல்லியும் எழுதியிருந்தார்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுவில் நிதி திரட்ட அறக்கொடை ஆணையரின் அனுமதி தேவை. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வேலை கற்க வெளிநாடு போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நம் தென்தீவுகளைச் சுற்றியே இளஞ்சிவப்பு டால்பின்கள் தென்படுகின்றன. 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே இறந்து மிதந்த ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. கடற்பசு மேய்ந்த தடங்கள் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரைக் கடற்புல்லில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கடற்புல்லைக் கண்காணிக்கும் தொண்டூழியர் குழுவில் சேரக் கட்டணம் கிடையாது. 50 மீட்டர் நீளத்தில் மூன்று கோடுகள், 5 மீட்டருக்கு ஒருமுறை தரையில் வைத்துப் பார்க்கும் சதுரச் சட்டம், கோடு தொடங்கும் இடத்தையும் சேர்த்து மொத்தம் 33 சட்டங்கள். வற்று நேரத்தில் சேற்றில் குனிந்து ஒவ்வொன்றிலும் இனத்தையும் பரப்பையும் எழுதப் பழகியவருக்குப் படகில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் கை நடுங்காது.

பணம் போய்விட்டதா? விளம்பரத்தை மாற்றிவிடுவதற்குள் திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். எந்த நாள் என்ன வேலை என்று தேதி வாரியாக எழுதுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. முகவர் சிங்கப்பூரில் இருந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸை அணுகலாம், அல்லது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனமே பொய் என்று பட்டால் மோசடி உதவி எண்ணான 1799-ஐ அழைத்துக் கேளுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். வெளிநாட்டில் ஒரு தனிநபர் கணக்குக்கு வங்கிவழி அனுப்பிய பணத்தை மீட்பதுதான் ஆகக் கடினம். இந்த மாணவி அனுப்பியதும் அப்படித்தான். ஒரு வெள்ளிகூட இதுவரை திரும்பவில்லை. அடுத்த பருவத்துக்கான விளம்பரம் வந்துவிட்டது. அதில் அந்த ஒலிவாங்கியின் படம் இன்னும் இருக்கிறது.