காட்பாடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே

சென்னைப் புறநகர் ரயிலைப் பற்றி அரக்கோணத்துக்காரரைக் கேட்டால் மெச்சுவார், வேலூர்க்காரரைக் கேட்டால் உச்சுக்கொட்டுவார். நான் இரண்டாவது கட்சி. குடியிருப்பது டொரன்டோ பக்கம் பிராம்ப்டனில், வேலைக்குப் போய்வருவது ‘கோ’ என்ற அந்த ஊர்ப் புறநகர் ரயிலில். இந்தமுறை ஊருக்கு வந்தபோது அப்பாவின் பென்ஷன் காகிதம், அம்பத்தூரில் சித்தி வீட்டு விசேஷம் என்று சென்னைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. கார் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலை நினைத்ததும் ரயிலே போதும் என்றுவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மேற்கே போகும் மின்சார ரயில் தடம் உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது. ஆவடி வண்டி, பட்டாபிராம் வண்டி, திருவள்ளூர் வண்டி, அரக்கோணம் வண்டி, அபூர்வமாகத் திருத்தணி வண்டி என்று ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. அரக்கோணம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். டிக்கெட் விலை இருபது ரூபாய்த் தாளைத் தாண்டாது. டொரன்டோவிலிருந்து ஹாமில்டனும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், அதற்குப் பத்து டாலருக்கு மேல் அழுகிறோம். சம்பளக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது சரிதான். ஆனாலும் கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் தினமும் நகரத்துக்குள் வந்துபோக முடிகிறது என்றால் அது இந்த விலையால்தான்.

டிக்கெட் எடுப்பதும் முன்புபோல் இல்லை. கவுன்ட்டர் வரிசை நீளமாக இருந்தால் பக்கத்திலேயே தானியங்கி மெஷின் இருக்கிறது. பல இடங்களில் அதன் முன்னால் ரயில்வேயில் ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் நிற்கிறார். “எங்க சார்?” என்பார். நாம் ஊரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் திரையில் நாலு இடத்தைத் தொட்டிருக்கும், டிக்கெட் கையில் இருக்கும். மெஷினை விட அவர் வேகம்.

போனில் எடுக்க ரயில்வேயின் செயலி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 2025 ஜூலையில் வந்த அதன் பெயர் ரயில்ஒன். நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்கல் பணம் கட்டும் இடத்தில்தான். சில்லறை டீக்கடை வரை யுபிஐ ஆகிவிட்டதால், அது இல்லாமல் நோட்டை நீட்டினால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 2023 முதல் கனடா, அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் சிலவற்றின் எண்களோடும் யுபிஐ வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால். கிளம்புவதற்கு முன்பே வங்கியில் இதைச் செய்துகொண்டு வாருங்கள்.

இனி நம்ம ஊர்க் கதை.

காட்பாடி, சென்ட்ரலிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். ரயில்வே சீசன் டிக்கெட் கொடுப்பது நூற்றைம்பது கிலோமீட்டர் வரைக்கும். அந்தக் கணக்குக்குள் காட்பாடி வந்துவிடுவதால்தான் வேலூரிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வரும் ஒரு கூட்டமே உண்டாகியிருக்கிறது. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். பெட்டி பாதி தூக்கத்தில் இருக்கும். எந்த சீட்டில் யார் என்பது எழுதாத சட்டம். காட்பாடியில் ஏறிய ஒருவர் கைக்குட்டையை விரித்துப் போட்டார், வாலாஜா ரோட்டில் ஏறிய நண்பர் அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம், “எங்கண்ணா எறங்குவீங்க?” என்று ஒரு பையன் கேட்டான். பெரம்பூர் என்றேன். “அப்ப சரி, உங்க எடம் எனக்கு” என்று கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். டப்பாவில் கொண்டுவந்த இட்லியை ஓர் அம்மா திறந்ததும் பெட்டி முழுக்க மிளகாய்ப்பொடி வாசனை. அந்த நேரத்துக்கே அவித்த மல்லாட்டைக் கூடை ஒன்றும் ஏறிவிட்டது.

பழக்கத்தில் இவர்கள் புறநகர்வாசிகள், கால அட்டவணையில் வெளியூர்க்காரர்கள். எக்ஸ்பிரஸ்கள் ஏராளம்: லால்பாக், பிருந்தாவன், டபுள் டெக்கர், 2022 நவம்பரில் வந்த மைசூர் வந்தே பாரத். எல்லாம் காட்பாடியில் நிற்கின்றன, சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்னையில் விட்டுவிடுகின்றன. ஆனால் சோளிங்கர், தலங்கை, முகுந்தராயபுரம், திருவலம்? இங்கெல்லாம் நிற்கும் வண்டியை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்குத்தான். தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது 1931-இல், அதாவது எழுபத்தைந்து வருஷம் கழித்து. இன்றைக்குத் தெற்குத் தடத்தில் செங்கல்பட்டு வரை ஏசி மின்சார ரயிலே ஓடுகிறது, 2025 ஏப்ரலில் தொடங்கியது, குறைந்த கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். ரயிலை முதலில் பார்த்த ஊர் சாதா மின்சார ரயிலுக்கே அரக்கோணம் போக வேண்டியிருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. திருவள்ளூர் வரை புறநகர் வண்டிகளுக்கென்று தனித் தண்டவாளம் இருக்கிறது. அரக்கோணத்துக்கு மேற்கே இருப்பது இரண்டே தண்டவாளம். பெங்களூர், கோயம்புத்தூர், கேரளா போகும் எக்ஸ்பிரஸ்கள், சரக்கு வண்டிகள், எல்லாம் அதில்தான். 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்றுப் பாலம் பழுதானபோது எத்தனை ரயில்கள் ரத்தாயின என்பது ஊரில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இந்த நெரிசலில் ஊருக்கு ஊர் நிற்கும் வண்டியை எங்கே நுழைப்பது என்று ரயில்வே கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அதற்குள்ளும் ஒன்றை நுழைத்திருக்கிறார்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்துகொண்டிருந்த மெமு என்ற மின்சாரப் பயணிகள் வண்டி, 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை போகிறது. மாலை ஆறு மணிக்குக் கடற்கரையில் கிளம்பினால் திருவண்ணாமலை சேர நள்ளிரவு. திரும்பும் வண்டி அங்கே விடிகாலை நாலு மணிக்கு எடுக்கிறது. நீட்டியபோது கட்டணம் ஐம்பது ரூபாய், பஸ்ஸோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்கு இது வரம். வேலைக்குப் போகிறவனுக்கு? கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகருக்குக் கோ ரயிலை இப்படித்தான் 2021-இல் நீட்டினார்கள். நாளுக்கு ஒரே வண்டி, விடியுமுன் கிளம்பும், டொரன்டோ வர நாலு மணி நேரம். இரண்டே வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒற்றை வண்டியை விட்டுவிட்டுக் கூட்டம் வருகிறதா என்று பார்ப்பது எங்கேயும் சரியான சோதனை ஆகாது. போனால் திரும்ப வழி இருக்கிறது என்ற தைரியம் வந்தால்தான் ஜனங்கள் பழக்கத்தை மாற்றுவார்கள்.

வண்டி மாறுவதுதான் எனக்கு எரிச்சலூட்டியது. ஒரு சந்திப்பு நிலையத்தில் எக்ஸ்பிரஸ் தாமதமாக வந்து நின்றது. எதிர் பிளாட்பாரத்தில் மின்சார ரயில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டியோடு படியேறி, மேம்பாலம் கடந்து, இறங்குவதற்குள் அது கிளம்பிவிட்டது. இரண்டு நிமிஷம் பிடித்து வைத்திருந்தால் ஐம்பது பேர் ஏறியிருப்பார்கள். அடுத்த வண்டி எந்த பிளாட்பாரம் என்று அறிவிப்பு வந்ததும் எல்லோரும் மறுபடி படியேறினோம். முழங்கால் வலியோடு வந்த பாட்டியை அவர் பேத்தி, “மெதுவா வா ஆயா, இது போனா இன்னொன்னு” என்று தேற்றினாள். அது உண்மைதான், சென்னைப் பக்கம் போகிறவர்களுக்கு. கோ ரயில் தன் தவறால் பதினைந்து நிமிஷம் தாமதமானால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இருபது ரூபாய் டிக்கெட்டில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒழுங்கான அறிவிப்பு போதும்.

காட்பாடியில் இறங்கிய பிறகும் வேலூருக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கிறது. பகலில் கவலையில்லை: டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, பாலாற்றைத் தாண்டினால் ஊர். ராத்திரியில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. சிஎம்சி மருத்துவமனைக்கு ஜார்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் நோயாளிகள் மொழி தெரியாமல் அந்த நேரத்தில் பேரம் பேசுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டடத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது வாசலில் ராத்திரி முழுக்க நிற்கும் ஒரு பஸ். சென்னையில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியாக 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ வந்துவிட்டது. நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம், ரயில் வரும் நேரத்தைப் பார்த்து பஸ் எடுத்தாலே போதும்.

சோளிங்கரில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கொஞ்ச காலம் பைக்கில் அரக்கோணம் வந்து, அங்கே வண்டியைப் போட்டுவிட்டு மின்சார ரயிலில் போய்க்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ஒருமுறை சறுக்கி விழுந்ததிலிருந்து அக்கா விடவில்லை. இப்போது திருவள்ளூரில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறான், சனிக்கிழமை ராத்திரி அழுக்குத்துணிப் பையோடு வீட்டுக்கு வருகிறான். “மாமா, சோளிங்கருக்கு மணிக்கொரு வண்டி விடட்டும், அந்த மாசமே ரூமைக் காலி பண்ணிடறேன்” என்றான்.