ஆப், ஆள், சாவி: பிட்காயினை எதை நம்பி வைப்பது?

பாளை மார்க்கெட்டைச் சுற்றி ஆறு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாவை எண்ணி, பேரேட்டில் உள்ள இருப்போடு ஒத்துப் பார்ப்பதுதான் அன்றைய கடைசி வேலை. இரண்டும் ஒத்துப்போனால் வீட்டுக்குக் கிளம்பலாம். பத்து ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும்.

போன மாதம் அந்த நேரத்தில் மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார்: "யம்மா, எம் மவன் பிட்காயின் வாங்கணும்னு நிக்கான். எந்தக் கம்பெனிய நம்பலாம்?"

"வாங்கவா அண்ணாச்சி, வைக்கவா, விக்கவா?"

"மூணும் ஒண்ணுதானம்மா."

மூன்றும் ஒன்றில்லை. காயினை வாங்கி விற்கவும் வைத்திருக்கவும் கடை போட்ட எக்ஸ்சேஞ்ச் ஆப், ஆளுக்கு ஆள் நேரடி வியாபாரம், காயினை எடுக்கும் ரகசிய எண்ணை நாமே வைத்துக்கொள்ளும் சொந்தச் சாவி என்று மூன்று வழியிலும் என் துட்டு இருந்திருக்கிறது. பிட்காயின் வாங்கலாமா கூடாதா என்பதை நான் இங்கே பேசவில்லை. வாங்குவது என்று முடிவெடுத்தவர்கள் யாரை, எவ்வளவு துட்டுக்கு, எத்தனை நாள் நம்பலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளவேண்டும். எங்க அம்மா உடன்குடி கருப்பட்டி வாங்கினால் உடைத்து உள்பக்கம் பார்ப்பாள், ஒரு துண்டை வாயில் போட்டுக் கரைய விடுவாள். கடைக்காரர் சொந்தக்காரர் என்பதற்காக அதை ஒருநாளும் விட்டதில்லை. பிட்காயினையும் அப்படி உடைத்துப் பார்க்கலாம். அதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு பேரேடு உண்டு, அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாக் என்று பெயர். 2009 ஜனவரி 3-ஆம் தேதி எழுதிய முதல் பிளாக் தொடங்கி நேற்று ராத்திரி வரை நடந்த எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் எவரும் தன் கம்ப்யூட்டரில் இறக்கிச் சரிபார்க்கலாம். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயினுக்கு மேல் வராது என்ற கணக்கையும் சேர்த்துத்தான். அந்தப் பேரேடு கெட்டு யாரும் துட்டை இழக்கவில்லை. அதைச் சுற்றிக் கடை போட்டவர்களிடம் கொடுத்துத்தான் இழந்தார்கள்.

ஆப்பில் நம் பெயருக்கு நேரே தெரியும் எண் அந்தப் பொதுப் பேரேட்டில் உள்ளதல்ல. கம்பெனி தன் சொந்தப் பேரேட்டில், இவருக்கு இவ்வளவு தரவேண்டும் என்று எழுதி வைத்த வரி. கல்லாவில் அவ்வளவு இருக்கிறதா என்பது கல்லாச் சாவி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். டோக்கியோவில் இருந்த மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் முடங்கியபோது சுமார் 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். அப்புறம் ஒரு பழைய வாலட்டில், அதாவது காயினின் சாவியை வைக்கும் பெட்டியில், 2,00,000 கிடைத்தது. இரண்டு லட்சம் காயின் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு கணக்கா! கணக்கு எழுதுகிறவளாக அதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. கனடாவின் குவாட்ரிகாசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். சாவியும் அவரோடு போய்விட்டது என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். ஒண்டாரியோவின் பத்திரச் சந்தை ஆணையம் விசாரித்து 2020-இல் அறிக்கை தந்தபோது, வாடிக்கையாளர் துட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே தொலைத்திருந்தது தெரிந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. அதன் நிறுவனருக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறை கொடுத்தார்கள்.

இவை ஏமாற்று வேலையும் அலட்சியமும் கலந்த கதைகள். வெளியாள் திருடியதை எடுத்துக்கொண்டால் எக்ஸ்சேஞ்சுகளுக்குள் உள்ள வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் போயின. பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் வாலட் அது, அப்படியும் போனது. வாடிக்கையாளர்கள் துட்டை எடுக்க முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். திரும்ப வியாபாரம் தொடங்கியது 2025 அக்டோபரில்தான். 2025 பிப்ரவரியில் பைபிட்டில் போனது சுமார் 150 கோடி டாலர், ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் துட்டு போய்க்கொண்டே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் சுமார் 4.4 கோடி டாலரை இழந்து, அதைத் தன் சொந்த இருப்பிலிருந்து ஏற்றுக்கொண்டது.

திருடன் எந்தக் கடைக்கும் வருவான். மறுநாள் காலை கடை திறந்ததா, திறக்கும் அளவுக்கு முதலாளியிடம் சொந்த முதல் இருந்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 'கையிருப்புச் சான்று' என்று இப்போது பல எக்ஸ்சேஞ்சுகள் வெளியிடுகின்றன. அதில் கல்லாவில் உள்ளது தெரியும். கடைக்கு மொத்தம் எவ்வளவு கடன் என்பது பெரும்பாலும் முழுதாகத் தெரியாது. எங்கள் வேலையில் ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்குக்குக் கையெழுத்துப் போடமாட்டோம்.

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கவும் விற்கவும் அதுதான் ஒழுங்கான வாசல். நம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து துட்டு போகிறது, நம் பெயருக்கே திரும்புகிறது. 2022 ஜூலை முதல் விற்பனையில் ஒரு சதவீத டிடிஎஸ் வரியை அவர்களே பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். லாபத்துக்கு 30 சதவீத வரி அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வருமான வரித்துறையிலிருந்து கேள்வி வந்தால் காட்டுவதற்குத் தாள் இருக்கும்.

இங்கே பலரும் ஒரு இடத்தில் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்ச் என்றால் நம் துட்டுக்கு அரசு உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பதிவு கறுப்புப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 2023 மார்ச்சில் வந்த ஏற்பாடு. வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, ஆப்பில் கிடக்கும் பிட்காயினுக்கு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. பதிவான சீட்டுக் கம்பெனிகூடச் சீட்டுப் பதிவாளரிடம் பிணை கட்டவேண்டும். அதோடு ஒப்பிட்டால் எக்ஸ்சேஞ்ச் பதிவு இன்னும் பிணையில்லாமல் வெறும் கழுத்தோடுதான் நிற்கிறது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் பிட்காயின் போன்ற கிரிப்டோவும் சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கக் கூடியதுதான் என்று சொன்னது பெரிய ஆறுதல். ஆனாலும் கோர்ட்டுக்குப் போய் நின்றால்தான் அந்த ஆறுதல் கைக்கு வரும்.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 டிசம்பரில் அதே நிதிப் புலனாய்வுப் பிரிவிலிருந்து, பதிவு செய்யாத ஒன்பது கம்பெனிகளுக்கு நோட்டீஸ் போனது, அடுத்த மாதமே ஆப்கள் ஸ்டோரிலிருந்து மறைந்தன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த அலைச்சல் எதற்கு?

அடுத்தது ஆளுக்கு ஆள், எல்லாரும் பி-டு-பி என்பது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ கம்பெனிகளுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. 2020 மார்ச் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்யும்வரை இங்கே பலருக்கும் இருந்த வழி இதுதான். எனக்கும் அப்போது பழகியது. விற்கிறவரின் காயினை இடையில் உள்ள தளம் பூட்டி வைக்கும். வாங்குகிறவர் துட்டை அனுப்புவார், வந்ததும் நாம் பூட்டைத் திறந்துவிடவேண்டும். கால் மணி நேர நம்பிக்கைதான், மாதக்கணக்கில் யாரிடமும் எதுவும் கிடக்காது. அந்த அளவில் எக்ஸ்சேஞ்சைவிட இது உசத்தி என்றே நானும் நினைத்திருந்தேன்.

மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட நாற்பதாயிரம் ரூபாய்க்கு அப்படி விற்றேன். வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கில் முடித்த வியாபாரம், குறை சொன்னவர் எவருமில்லை. துட்டு ஐந்து நிமிஷத்தில் வந்தது. ஒன்பதாம் நாள் ஏடிஎம்மில் கார்டு வேலை செய்யவில்லை. கிளைக்குப் போனால், "உங்க அக்கவுண்ட்ட சைபர் கிரைம்ல நிறுத்தி வச்சிருக்காவ மேடம்" என்றார்கள். வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய துட்டு, மூன்று கணக்கு தாண்டி எனக்கு வந்திருக்கிறது. நாற்பதாயிரம் மட்டுமல்ல, கடைக்காரர்கள் தந்த சம்பளம், மகளின் ஃபீஸ், கேஸ் மானியம் எல்லாமே அந்தக் கணக்கில் நின்றுபோனது. உரையாடலையும் ரசீதையும் அச்செடுத்துக்கொண்டு நாலு மாதம் அலைந்தேன். முகம் தெரியாத அந்த ஊரில் துட்டைப் பறிகொடுத்தவரை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை.

வாங்கியவருக்கு இருந்த நல்ல பெயர் பொய்யில்லை. அவர் ஒவ்வொரு முறையும் நேரத்துக்குத் துட்டு அனுப்பியவர்தான். அது யாருடைய துட்டு என்பதை அந்த மதிப்பெண் அளக்கவில்லை. பிட்காயின்காரர்களிடம் தொடக்கத்திலிருந்தே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் வழக்கம் உண்டு. இப்படிச் சின்னச் சின்ன வியாபாரத்தில் எடுத்த பெயரை வைத்துப் பெரிய துட்டை வாரியவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் ஒருவர் வாரத்துக்கு ஏழு சதவீதம் வட்டி என்று சொல்லி 7,00,000 பிட்காயினுக்கு மேல் திரட்டினார். 2012-இல் எல்லாம் கவிழ்ந்தது, பின்னால் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவரை சொன்ன நாளில் வட்டி வந்துகொண்டுதான் இருந்தது. முதல் எட்டு மாதம் சரியாகக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன சீட்டுக்காரரைப் பார்க்காத தெரு நம் ஊரில் இருக்கிறதா?

தெரிந்த அண்ணாச்சியிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம் என்பார்கள். உண்மைதான், அது பெரிய பலம். ஆனால் ரொக்கத்துக்குத் தாள் இல்லை. வரிக் கணக்கில் காட்டும்போது வாங்கிய விலை எது என்று சொல்ல வழியிருக்காது. அதனால் என் கடைக்காரர்கள் யாருக்கும் பி-டு-பியை நான் சொல்வதில்லை.

மூன்றாவது சொந்தச் சாவி. செக் நாட்டுக்காரர்கள் 2014-இல் ட்ரெசாரை வெளியிட்ட நாள் முதல் ஹார்டுவேர் வாலட் என்ற சின்னக் கருவி கிடைக்கிறது. சாவி அதற்குள்ளேயே இருக்கும், இணையத்துக்கு வராது. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் கவலையில்லை. தொடக்கத்தில் அது காட்டும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் வைத்திருந்தால் வேறு கருவியில் எல்லாம் திரும்ப வந்துவிடும். 2,048 சொற்கள் உள்ள ஒரு பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. யாருடைய பேரேட்டையும் நம்பவேண்டியதில்லை. நம்பவேண்டியது நம்மைத்தான், அதுதான் இதில் கஷ்டம்.

என் பன்னிரண்டு சொற்களை ஒரு நோட்டில் ஜெல் பேனாவால் எழுதி, சிந்துபூந்துறையில் அம்மா வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி அம்மா வீட்டுக்குள் வந்து இடுப்பளவு நின்றது. அம்மாவைப் பக்கத்து மாடிக்கு ஏற்றும்போது நோட்டு யாருக்கும் நினைவில் இல்லை. நாலாம் நாள் சேறு ஒட்டிய பக்கங்களைப் பிரித்தபோது நீல மை முழுக்கக் கரைந்து பரவியிருந்தது. ஏழு சொற்களைப் படிக்க முடிந்தது, ஐந்து போய்விட்டது. கருவி என்னிடம் பாளையில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன். அன்றே புதிய சாவி உண்டாக்கி எல்லாவற்றையும் மாற்றினேன்.

இப்போது எவர்சில்வர் தகட்டில் இருக்கிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுக்கக்கூடாது, அந்தச் சொற்களைப் பார்த்தவர் கையில் சாவி இருக்கிறது என்று அர்த்தம். இரும்புக்கடையில் எழுத்து பஞ்ச் செட் வாங்கி, சுத்தியலால் எங்க வீட்டுக்காரரே அடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து போதும், அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலும் ஒன்றாக வராது. அதிகபட்சம் நாற்பத்தெட்டு எழுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

கருவி வாங்குவதிலும் கவனம் வேண்டும். பிரான்ஸின் லெட்ஜர் கம்பெனியிலிருந்து 2020-இல் சுமார் 2,70,000 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண் வெளியே கசிந்தது. சாவி ஒன்றும் போகவில்லை, ஆனால் யார் வீட்டில் பிட்காயின் இருக்கிறது என்ற பட்டியல் திருடர் கைக்குப் போனது. அதை வைத்துப் போலிக் கருவிகளைத் தபாலில்கூட அனுப்பினார்கள். செகண்ட் ஹேண்ட் கருவி வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் சொற்கள் முன்கூட்டியே எழுதிய அட்டை இருந்தால் அது திருடன் போட்ட தூண்டில்.

அண்ணாச்சியிடம் சொன்னது இதுதான். பதிவுள்ள இந்திய எக்ஸ்சேஞ்சில், மகன் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே வாங்கட்டும். முதல் வாரத்திலேயே கொஞ்சம் காயினை வெளியே எடுத்துப் பார்க்கட்டும். வெளியே எடுக்க விடாத ஆப் என்றால் அன்றே விட்டுவிடவேண்டும். பத்து, பதினைந்தாயிரம் வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும், கருவியின் விலையே அதில் பாதி ஆகிவிடும். அதற்கு மேல் போனால் சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு வட்டி என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

"சாவி அவன் கையில இருந்து, அவனுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா?" என்று கேட்டார். பெற்றவர் கேட்கிற கேள்வி.

அதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். தகடு அடித்த மறுவாரம் கருவியை முழுக்க அழித்துவிட்டு, அதையும் தகட்டையும் எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்து, நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். ஒரு வார்த்தை உதவி கிடையாது என்று முன்பே பேசியிருந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடி அழுத்தினார். எட்டாவதும் ஒன்பதாவதும் இடம் மாறி, கருவி ஏற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. சோறு வடித்து, புளிக்குழம்பு கொதித்து இறக்கும் நேரத்தில் உள்ளே வந்து கருவியை நீட்டினார். "பாரு, இதானா?" என்றார். அழிப்பதற்கு முன்னால் நான் பேரேட்டுக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்த இருப்பை எடுத்து, எட்டு தசம இடம் வரைக்கும் ஒத்துப் பார்த்தேன். இடிக்கவில்லை.